பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதச் சோறு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, றப்பர் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களில் பெரும்பாலோரின் முன்னோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து கூலிகளாக வந்தவர்கள். வந்த இடத்தில் நோயுற்றால் செலவு யாருடையது? 1912ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இதற்குப் பதில் சொன்னது என்றால் சகோதரிகள் வியப்படைவீர்கள்.

மருத்துவத் தேவைகள் சட்டம் என்பது அதன் பெயர். ஏற்றுமதியாகும் தோட்ட விளைபொருட்கள் மீது தீர்வை விதித்து, அப்பணத்திலிருந்து தோட்டப்புற வைத்தியத்துக்கு வழி செய்தார்கள். அவள் பறித்த கொழுந்திலிருந்தே அவள் மருந்துக்குக் காசு வந்தது. துரைமாரின் தர்மம் என்று இதைச் சொல்வதற்கில்லை!

பெண்கள் கவனிக்க வேண்டியது அதிலுள்ள வேறொரு விதியை. தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதத்துக்குப் போதிய உணவும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும். வைத்திய அதிகாரி சம்மதித்தாலன்றி அந்த மாதத்தில் அவளை வேலைக்கு இறக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பும் போஷாக்கும் துரையின் பொறுப்பு. எழுத்தில் இருந்தது எல்லா லயங்களுக்கும் வந்து சேர்ந்ததா என்பது வேறு கதை.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. கிராமத்துக்கு அரசாங்க மருத்துவமாது வந்தாள். தோட்டத்துக்கோ தோட்ட நிர்வாகமே கதி. 1977இலும் 1981இலும் நடந்த வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டக் குடும்பங்கள் பல லயத்தை விட்டோடின. வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களும் உண்டு. வந்தேறிகளாகப் பார்க்கப்பட்டவர்கள் பிறந்த மண்ணிலேயே அகதிகளானார்கள்.

1980களின் நடுப்பகுதியில் நெதர்லாந்து, நோர்வே அரசுகளின் உதவிப் பணம் தோட்டங்களின் சமூக நலத் திட்டங்களுக்கு வந்தது. தண்ணீர்க் குழாய், மலசலகூடம், பிள்ளைக் காம்பரா என்று அது செலவானது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறின. பின்னர் சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை தந்தது.

ஆனால் 2016ஆம் ஆண்டுச் சுகாதார அளவீட்டைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில், வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய 32 பேர்.

கட்டடத்துக்குப் பணம் கிடைக்கிறது. கர்ப்பிணிக்கு ஒரு நாள் ஓய்வு கிடைப்பதுதான் கஷ்டம். தினக்கூலிக்காரி கிளினிக்குக்குப் பஸ் ஏறினால் அன்று பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளத்தில் துண்டு விழும். ஒரு மாதச் சோறு போடச் சொல்லி அந்தக் காலத்து வெள்ளைக்காரனே சட்டம் எழுதியிருக்கும்போது, கிளினிக் நாளுக்கு ஒரு பேர் போடுவது கம்பனிக்குப் பெரிய செலவாகத் தெரியவில்லை.