ஈ.சி.ஆரில் ஜோடியா ஒரு ட்ரிப்: வேவ் பூல் அலையும் கடல் அலையும் ஒண்ணு இல்ல... ஏன் தெரியுமா?

"வீக் எண்டுக்கு எங்கயாவது போலாமா?"

சென்னையில் புதுசா கல்யாணமான வீடுகளில் இந்தக் கேள்வி வந்தால், பெரும்பாலும் வண்டி திரும்புவது கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கம்தான். வழியில் தீம் பார்க், கூடவே கடல், முடிவில் புதுச்சேரி. மொத்தமே சுமார் 150 கிலோமீட்டர்.

தூரம் கம்மிதான். ஆனா இந்த ட்ரிப்பில் பலரும் சொதப்பும் இடங்கள் ரெண்டு. ஒண்ணு, எந்த இடத்துக்கு என்னைக்கு லீவுன்னு பார்க்காம கிளம்புவது. இன்னொண்ணு, பார்க் தண்ணியில் ஆடிய அதே தைரியத்தோட கடலில் இறங்குவது. முதல் தப்பில் ஒரு நாள் வீணாகும். ரெண்டாவது தப்பில் உயிரே போகலாம். விரிவா பார்க்கலாம்.

எந்த நாளில் கிளம்பலாம்?

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆரோவில் மாத்ரி மந்திரிலும் செவ்வாய்க்கிழமை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. சனி, ஞாயிறு எல்லா இடத்திலும் கூட்டம். அதனால் ஆபீஸில் லீவு கிடைத்தால் புதன், வியாழன், வெள்ளிதான் பெஸ்ட். மாத்ரி மந்திர் உள்ளே போக முன்பதிவு அவசியம். போன உடனே விட மாட்டாங்க.

முதல் நாள்: தீம் பார்க்கா, மியூசியமா?

ரெண்டையும் ஒரே நாளில் திணிக்காதீங்க. தீம் பார்க் என்றாலே முழு நாள் போயிடும். ஈஞ்சம்பாக்கத்தில் சிலை மனிதரால் பிரபலமான வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா... இதில் ஏதாவது ஒண்ணை மட்டும் எடுத்துக்கோங்க.

ரைடு வேண்டாம் என்றால், 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பார்த்துவிட்டு, 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணைக்குப் போகலாம். ராத்திரி மாமல்லபுரத்தில் தங்கிடலாம்.

வாட்டர் ரைடுக்கு நைலான் டிரெஸ் கட்டாயம்னு சொல்வது எதுக்கு? பருத்தித் துணி தண்ணீரை உறிஞ்சி கனமாகும், நூல் பிரிந்து ஃபில்டரில் அடைக்கும். துப்பட்டா, சேலை முந்தானை எல்லாம் ஸ்லைடில் சிக்கும் அபாயமும் உண்டு. வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் அங்கே வாங்கும் செலவு மிச்சம்.

கர்ப்பமா இருப்பவர்கள், இதய நோய், ரத்தக் கொதிப்பு, கழுத்து - முதுகு வலி உள்ளவர்கள் வேகமான ரைடுகளைத் தவிர்க்கணும். "அவர் கூப்பிட்டார், எப்படி வேண்டாம்னு சொல்றது"ன்னு கூச்சப்பட்டு ஏறிடாதீங்க.

இரண்டாம் நாள்: சூரியனைத் தேடி

இது கிழக்குக் கடற்கரை. இங்கே கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. அதனால் சாயங்காலம் சன்செட் போட்டோ எடுக்கலாம்னு காத்திருந்தால் ஏமாற்றம்தான். காலை 6 மணிக்கே கடற்கரைக் கோயிலுக்குப் போங்க. 8-ம் நூற்றாண்டில் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய கோயில் மேல் வெயில் விழும் நேரம் அதுதான். அதே டிக்கெட்டில் அன்னைக்கே ஐந்து ரதங்களையும் பார்க்கலாம்.

அங்கிருந்து தெற்கே போனால் கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர்களால் இடிக்கப்பட்டது. இடிந்த சுவர் மேல் ஏறாமல் சுற்றிப் பார்த்தால் போதும். சாயங்காலம் புதுச்சேரி. அங்கே கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காந்தி சிலை வரை கை கோத்து நடக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

வேவ் பூலுக்கும் கடலுக்கும் என்ன வித்தியாசம்?

வேவ் பூலில் அலையை உண்டாக்குவது மெஷின். தரை ஒரே சரிவா இருக்கும், ஆழம் எழுதியிருக்கும், பக்கத்திலேயே லைஃப் கார்டு நிற்பார். ஏதாவது ஆச்சுன்னா சுவிட்சை அணைத்தால் அலை அடங்கிடும்.

கடலில் சுவிட்ச் கிடையாது. கரைக்கு வரும் அலைகள் கொண்டுவந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகணும் இல்லையா? அது ஒரு குறுகலான பாதையைப் பிடித்து வேகமா உள்ளே ஓடும். இதைத்தான் ரிப் கரண்ட், அதாவது இழுப்பு நீரோட்டம் என்கிறோம். சில நேரம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் வேகம் இருக்கும். நல்லா நீச்சல் தெரிந்தவர்கூட எதிர்த்து ஜெயிக்க முடியாது.

இதில் ஒரு விஷயம் கவனிங்க. ரெண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் அமைதியா, கொஞ்சம் கலங்கலா ஒரு இடம் தெரியும். "இங்க அலையே இல்ல, வா இறங்கலாம்"னு தோணும். பல நேரம் அந்த இடம்தான் ஆபத்து. கல் கொட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இந்த இழுப்பு வரும்.

இன்னொண்ணு 'கள்ளக்கடல்'. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை, பல நாள் பயணம் செய்து இங்கே வரும். வானம் தெளிவா இருக்கும், காற்றும் இருக்காது. திடீர்னு கடல் மட்டும் பொங்கும். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை அமலில் இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துடுங்க.

மாட்டிக்கிட்டால் என்ன பண்ணணும்?

* கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீங்க. மிதங்க, கையை உயர்த்திக் காட்டுங்க.
* முடிந்தால் கரைக்கு இணையா, பக்கவாட்டில் நீந்துங்க. இழுப்பு விட்ட பிறகு சாய்வா கரைக்குத் திரும்புங்க.
* ஜோடியா போறவங்களுக்கு முக்கியமா: ஒருத்தர் மாட்டினால் இன்னொருத்தர் பதறிக் குதிக்கக் கூடாது. ரெண்டு பேருமே போயிடும் வாய்ப்பு அதிகம். மூடி போட்ட காலி வாட்டர் கேன், கயிறு, ட்யூப் என மிதப்பது எதையாவது வீசுங்க. பக்கத்தில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிடுங்க. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, ஆம்புலன்ஸுக்கு 108.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பாறைகள் மேல் இறங்கி செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். பாசி வழுக்கும்.

வண்டி விஷயத்தில் கவனிக்க வேண்டியது

செல்ஃப் டிரைவ் கார் எடுத்தால் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கான்னு பாருங்க. வெள்ளை பிளேட் சொந்த காரை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது. பைக்கில் போனால் பின்னாடி இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். குடித்துவிட்டு ஓட்டி முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, இல்லை ரெண்டும் சேர்த்து. 'புதுச்சேரிதானே'ன்னு அங்கேயும் விட்டுவிட மாட்டாங்க, சட்டம் ஒண்ணுதான்.

ஆட்டம் போட ஆசைன்னா அதுக்குத்தான் வேவ் பூல் இருக்கு. கடலில் கால் நனைத்தால் போதும். ரெண்டு பேரா கிளம்பினவங்க ரெண்டு பேரா வீடு திரும்பணும், அவ்வளவுதான்!