கப்பற்புழுவும் எரிபொருளும்

நடு அந்தமானுக்குக் கிழக்கே அமைந்துள்ள சிறு தீவு லாங் ஐலண்ட். ரங்கத்தை அடுத்த ஏராட்டா துறையிலிருந்து படகேறி இதனை அடையலாம். முன்னர் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்று இயங்கிய இடமாதலால், மரத்தின் அருமையை இத்தீவினர் நன்கறிவர். அம்மரத்திற்குக் கடலில் ஒரு பகை உண்டு. அதுவே கப்பற்புழு. வெளியே ஊசித் துளைகள் மட்டுமே தென்படும். உள்ளே மரம் தேன்கூடு போலாகியிருக்கும். நன்றாயிருப்பதுபோல் தோன்றும் தோணிப்பலகையும் துறைமேடைத் தூணும் திடீரென முறிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பெயரிற் புழுவாயினும், இது கிளிஞ்சல் இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. தலைப்புறத்திலுள்ள இரு சிறு ஓடுகளை அரம்போல் அசைத்து மரத்தை அராவி உண்கிறது. ஆனால் மரத்தின் முக்கியக் கூறாகிய செல்லுலோஸைப் பெரும்பாலான பிராணிகள் தாமாகச் செரிக்க இயலா. இதற்குத் துணைபுரிபவை இதன் செவுள்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். இவற்றுள் ஒருவகையை 1983-இல் அமெரிக்க அறிஞர்கள் தனியே பிரித்து வளர்த்தனர். அது செல்லுலோஸைச் சிதைப்பதோடு, மரத்தில் அரிதாயுள்ள நைட்ரஜனையும் நிலைப்படுத்தித் தருகிறது.

பசுவின் இரைப்பையிலும் கரையானின் குடலிலும் நுண்ணுயிர்கள் உணவோடு கலந்தே வாழ்கின்றன. விளையும் சருக்கரையில் அவையும் பங்கு கொள்கின்றன. கப்பற்புழுவிலோ, பாக்டீரியாக்கள் செவுளில் தங்க, அவை சுரக்கும் என்ஸைம்கள் மட்டும் குடலுக்குச் செல்கின்றன என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே சருக்கரை பிராணிக்கே எஞ்சுகிறது.

தொழில்துறை நாடுவதும் இதனையே. ஹரியானாவின் பானிப்பட்டில் 2022-இல் திறக்கப்பெற்ற ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் திட்டமுடையது. முதலில் வைக்கோலின் இறுகிய கட்டைத் தளர்த்தி, என்ஸைம்களால் சருக்கரையாக்கி, பின்னர் ஈஸ்டினால் நொதிக்கச் செய்வதே முறை. அதே சருக்கரையிலிருந்து லாக்டிக் அமிலம் முதலிய இரசாயனப் பொருள்களையும் பெறலாம். இம்முறையில் என்ஸைமுக்காகும் செலவு பெரிது. எனவே குறைந்த வகை என்ஸைம்களால் மரத்தையே கரைக்கும் இப்பிராணியின் உபாயம் அறிஞர் கருத்தைக் கவர்ந்துள்ளது.

கரையொதுங்கிய கட்டையொன்றைப் பிளந்து, சுண்ணாம்பு பூசினாற் போன்ற வளைகளை ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டலாம். முதலை நடமாடும் ஓடைகளில் இறங்குதல் கூடாது. கண்டற்காடுகளில் வீழ்ந்த மரங்களைக் களப்பணியாளர் குப்பையென அகற்றாதிருத்தல் நன்று. அவற்றை மட்கச் செய்து காட்டிற்கு உரமாக்கும் பணியும் இப்பகைவனுடையதே.