அரிக்காத படை: அமெரிக்கா போகும் பெற்றோருக்கு

பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் நியூ ஜெர்சிக்கோ கனெக்டிகட்டுக்கோ போகிறவர்கள் சர்க்கரை மாத்திரையை ஆறு மாதத்துக்கு எண்ணி எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் மான் மேயும் புல்வெளியில் கருங்கால் உண்ணி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதன் இளம்பருவம் கசகசா அளவுதான், கடித்தாலும் வலிக்காது. அது பரப்பும் பாக்டீரியாவால் வருவது லைம் நோய். 1975 வாக்கில் கனெக்டிகட்டின் லைம் ஊரில் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியபோது, தாய்மார் இருவர் விடாமல் கேள்வி கேட்டதால்தான் விசாரணையே தொடங்கியது.

கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள், பெரும்பாலும் ஒரு வாரத்தில், கடிவாயைச் சுற்றிப் படை தோன்றும். நாளுக்கு நாள் அகலும். ஒரு சாணைத் தாண்டியும் போகலாம். தொட்டால் லேசாகச் சுடும். அரிப்போ வலியோ அநேகமாக இராது. கடித்த மறுநாளே தோன்றி ஓரிரு நாளில் அடங்கும் சிறு தடிப்பு வேறு. அது கடியின் எரிச்சல் மட்டுமே.

படங்களில் வருவதுபோல நடுவில் வெளுத்த வளையத்தைத் தேடாதீர்கள். பலருக்கு வளையமே இராது. அந்தப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான்; நம் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாமல், பழுப்பாகவோ கன்றிப்போன ஊதாவாகவோ இருக்கலாம். கறுத்த தோலில் இந்நோய் தாமதமாகக் கண்டறியப்படுவது அமெரிக்க மருத்துவர்களே ஒப்புக்கொண்ட குறை. படர்தாமரை என்று களிம்பு தடவி நாளைக் கடத்துவது நம் வீட்டுக் குறை. நூற்றுக்கு 20, 30 பேருக்குப் படையே வராமல் காய்ச்சலும் உடல்வலியும் மட்டும் வரும். கவனிக்காமல் விட்டால் முகவாதம், முழங்கால் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம்.

முதல் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை ‘நெகட்டிவ்’ என்று வருவது சகஜம். அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி, உண்ணிப் பகுதியில் இருந்தவருக்கு இந்தப் படை தெளிவாக இருந்தால் பரிசோதனைக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கலாம்: பொதுவாக டாக்ஸிசைக்ளின் 10 நாள், கர்ப்பிணிகளுக்கு அமாக்சிசிலின் 14 நாள். நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல என நோயாளிக்கு எழுதித் தரவேண்டும் என்று வர்ஜீனியா மாநிலம் 2013-இல் சட்டமே இயற்றியது; அது 2018 வரை நடப்பில் இருந்தது. ஆங்கிலம் வராதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கூட்டாட்சி அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் இலவசமாக ஏற்பாடு செய்யக் கடமைப்பட்டவை.

உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். கூரான இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும். அது ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்ததென்றால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் படை வரலாம். மதுரையிலோ கோவையிலோ உள்ள மருத்துவருக்கு லைம் நோய் சட்டென்று நினைவுக்கு வராது. படையைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துத் தினமும் படமெடுங்கள். எந்த மாநிலத்தில், எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.