முன்னோர் பலகைக்கு முன் தலை வணங்கலாமா?



சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போன நம் பிள்ளைகள் சிலர் சீனக் குடும்பங்களில் சம்பந்தம் செய்திருக்கிறார்கள். அங்கே மாமனாரின் படத்துக்கு முன் ஊதுபத்தி ஏற்றித் தலை வணங்கினால் பாவமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் தியான் ஹோக் கெங் என்ற சீனக் கோயில் இருக்கிறது. 1842-இல் கட்டி முடித்தபோது கடல் அதன் எதிரிலேயே இருந்தது. கப்பலில் வந்திறங்கியவர்கள் கடல் தெய்வமான மாசுவுக்கு முதலில் நன்றி சொன்னார்கள். ஹொக்கியன் மக்களின் சங்கமும் அந்தக் கோயிலில்தான் இயங்கியது. (அதே தெருவில் நம் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் பேரில் தர்கா கட்டினார்கள். ஊரை விட்டு வந்தவர்களின் மனம் ஒன்றுதான்!) உற்றார் உறவு இல்லாத மண்ணில் கோயிலே ஊராகவும், வீட்டிலுள்ள முன்னோர் பெயர்ப் பலகையே குடும்பமாகவும் இருந்தது.

அப்படிப்பட்டவர் திருமுழுக்குப் பெற்றால் அந்தப் பலகையை என்ன செய்வார்? 1610-இல் பெய்ஜிங்கில் இறந்த இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சி, அது வழிபாடு அல்ல, பெற்றோருக்குக் காட்டும் மரியாதை என்று கருதினார். பிற சபைத் துறவியர் பலர் மறுத்தனர். 1715-இல் திருத்தந்தை 11-ஆம் கிளமெந்து தடை விதித்தார். 1742-இல் 14-ஆம் பெனடிக்ட் அதை உறுதி செய்தார். மதுரையில் தத்துவபோதகர் நொபிலி சந்தனம், பூணூல் பற்றிச் சந்தித்த வழக்கும் இதே வகைதான். சீன வீட்டின் மூத்த மகன் கிறிஸ்தவனானால், பெற்றோரை மறந்தவன் என்ற பழியையும் சேர்த்தே சுமந்தான். 1939-இல்தான் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் காலத்தில் உரோமை அனுமதி அளித்தது. ஏறக்குறைய 200 ஆண்டுகள்! அது மிக நீண்ட காத்திருப்பு என்றே நாம் எண்ணுகிறோம்.

அக்காலத்தில் சிங்கப்பூரின் சீனக் கத்தோலிக்கருக்குப் பங்கு ஆலயமே சொந்த ஊரானது. குவீன் தெருவின் புனித பேதுரு பவுல் ஆலயத்தில் முதலில் சீனரும் தமிழரும் சேர்ந்தே வழிபட்டனர். 1888-இல் தமிழருக்கு லூர்து அன்னை ஆலயம் எழுந்தது. 1910-இல் காந்தோன், ஹக்கா மொழியினர் திரு இருதய ஆலயத்துக்குப் பிரிந்தனர். பாவசங்கீர்த்தனத்துக்குத் தாய்மொழி வேண்டுமல்லவா?

ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு நம் பதில் இது. இறந்தவரின் படத்துக்கு முன் தலை வணங்கலாம், பூ வைக்கலாம், ஊதுபத்தி ஏற்றலாம். அவரைத் தெய்வமாக்கி வரம் கேட்பதும், மறுவுலகில் அவருக்குச் செலவுக்கு ஆகும் என நம்பிக் காகிதப் பணம் எரிப்பதும் நம் விசுவாசத்துக்கு ஒவ்வாது. அங்கே ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளில் சீனர் குடும்பத்தோடு கல்லறைகளைச் சுத்தம் செய்வார்கள். மருமகனும் துடைப்பத்தோடு தாராளமாகப் போகலாம். மாமனாருக்காக ஒரு பூசையும் ஒப்புக்கொடுக்கலாம்.