அடிபட்ட முழங்காலும் ஓட்டப் பயிற்சியும்

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் விலங்கியல்)

ஓடுகிற பெண்ணுக்கு முழங்காலில் அடிபட்டால் ஊரார் தரும் அறிவுரை இரண்டு வகைப்படும். "ஓட்டத்தை இத்தோடு விட்டுவிடு" என்பது ஒன்று. "வலி போய்விட்டதல்லவா, ஓடு" என்பது மற்றொன்று. சென்ற ஐப்பசி மழைக்குப் பின் கண்மாய்க் கரையில் ஓடும்போது, மாட்டுக் குளம்பு பதிந்த குழியில் கால் புரண்டு, இடது முழங்காலின் உட்பக்க நார் பாதி கிழிந்தது. அன்றுமுதல் இவ்விரு அறிவுரைகளும் எனக்கு நாள்தோறும் கிடைத்தன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "படிக்கப் போன பிள்ளை காலை ஒடித்துக்கொண்டு வந்தால் யார் பார்ப்பது?" என்று அம்மா கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் 800 மீட்டர் ஓட்டத்தை விட எனக்கு மனமில்லை. மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று படிக்கத் தொடங்கினேன். படித்ததைத் தோழியருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முழங்கால் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது பல உறுப்புகளின் கூட்டு. தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு, முன்னால் சில்லு. எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார்கள். தசையை எலும்போடு கட்டும் தசைநாண். இடையில் மெத்தை போன்ற குருத்தெலும்பு. இவற்றுக்குக் கிடைக்கும் இரத்தம் ஒரே அளவினதன்று. உட்பக்க நாருக்கு இரத்தம் நன்றாகவே வருகிறது. பெரும்பாலும் அறுவையின்றியே கூடிவிடும். மூட்டின் நடுவில் இருக்கும் முன் குறுக்கு நார் முற்றிலும் அறுந்தால் பொதுவாகத் தானே ஒட்டுவதில்லை. மெத்தையின் உள்விளிம்புக்கோ இரத்தக் குழாயே இல்லை எனலாம். ஆகவே "முழங்கால் அடி எத்தனை நாளில் ஆறும்?" என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்த உறுப்பு என்பதே முதற்கேள்வி.

இதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. அமெரிக்க மராத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட் 1984 ஏப்ரல் 25இல் முழங்காலில் அறுவை செய்துகொண்டார். 17 நாட்கள் கழித்து, மே 12இல், ஒலிம்பிக் தேர்வு ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். ஆகஸ்ட் 5இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முதல் பெண்கள் ஒலிம்பிக் மராத்தானில் 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் தங்கம் வென்றார். இந்தக் கதையை என்னிடம் சொல்லி உற்சாகப்படுத்தியவர்கள் பலர். ஆனால் அவருக்கு நாரும் அறவில்லை, தசைநாணும் அறவில்லை. வீங்கித் தடித்த ஒரு சவ்வு மடிப்பைச் சிறு துளை வழியே நீக்கினார்கள், அவ்வளவே. அப்படியிருந்தும் அடிபட்ட காலுக்கு ஓய்வு கொடுத்து ஓடியதால் மறுகாலின் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது. கதை சொல்வோர் இதைச் சொல்வதில்லை!

மற்றவர் நம் பக்கத்துக்காரர். திண்டுக்கல்லில் இரயிலேறினால் பழனி, பொள்ளாச்சி வழியாகச் சென்று சேரும் பாலக்காட்டைச் சேர்ந்த நீளந்தாண்டும் வீரர் முரளி ஸ்ரீசங்கர். பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றிருந்த அவருக்கு 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்கால் தசைநாண் கெட்டது. அறுவைக்குப் பின் அவர் மீண்டும் போட்டியில் இறங்கியது 2025 ஜூலையில், புனேயில். தாண்டிய தூரம் 8.05 மீட்டர். ஏறத்தாழ பதினைந்து மாதங்கள்! பெனாய்டுக்குத் துணிவு அதிகம், இவருக்குக் குறைவு என்று யாரேனும் சொல்லத் துணிவார்களா?

என் காயத்துக்கு மருத்துவர் சொன்ன காலம் ஆறு வாரம். வலி நான்காம் வாரமே போய்விட்டது. ஆனால் இஞ்சு டேப்பால் அளந்தபோது இடத்தொடை வலத்தொடையைவிட ஒரு அங்குலம் இளைத்திருந்தது. மூட்டில் நீர் கோத்தால் முன்தொடைத் தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளை மட்டுப்படுகிறது, தசை சுருங்குகிறது. ஓடும்போது பாதம் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 45 கிலோ எடையுள்ள எனக்கு அது இரண்டு ஐம்பது கிலோ மூட்டைக்குச் சமம். அதைத் தாங்க வேண்டியது அந்தத் தசைதான். வெங்காய மண்டியில் சுமை தூக்கும் அப்பாவுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கிற்று. "பிடித்துக்கொண்ட தோளில் முதல் நாளே முழு மூட்டை ஏற்றமாட்டோம்" என்றார். அதன்பின் அம்மாவும் தடுக்கவில்லை.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். நாரும் தசைநாணும் மெதுவாகவே உறுதிப்படும். மூச்சு வாங்கவில்லையே என்று வேகத்தைக் கூட்டினால் மாட்டிக்கொள்வது மூட்டு.

எனவே முதலில் காலை நீட்டித் தூக்குதல், சுவரில் சாய்ந்து அரைகுறையாக அமர்தல். பிறகு முப்பது நிமிட விரைவு நடை. அதற்குப் பின்னரே ஒரு நிமிட ஓட்டமும் நான்கு நிமிட நடையும் மாறிமாறி, ஒருநாள் விட்டு ஒருநாள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டுவதில்லை. மறுநாள் காலை இரு முழங்கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். சில்லின் பக்கத்துக் குழி மறைந்திருந்தால் வீக்கம் என்று பொருள். அன்று ஓட்டம் இல்லை. மலைக்கோட்டைப் படிகளில் ஏறி இறங்கினால் கால் இறுகும் என்றார்கள். ஏறுவதைவிட இறங்கும்போதே சில்லின் அடியில் அழுத்தம் மிகுதி. ஆகவே அதற்கு இன்னும் நாளாகும். கண்மாய்க் கரையோ ஒருபக்கம் சரிந்தது. ஒரு காலுக்கே வேலை கூடும். சமமான செம்மண் தரையே நல்லது.

இப்போது நிற்காமல் மூன்று கிலோமீட்டர் ஓடுகிறேன். தொடையில் இன்னும் கால் அங்குலம் குறைகிறது. அது சமமாகும்வரை 800 மீட்டருக்குப் பெயர் கொடுப்பதில்லை என்று உடற்கல்வி இயக்குநரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றார்.