தேம்ஸ் படகுப் பாஸ்: வாங்கும் முன் ஒரு கணக்கு

தாயகத்திலிருந்து பெற்றோரை வரவழைக்கும் லண்டன் பிள்ளைகள் பலர், அவர்கள் திரும்பிப் போவதற்குள் எல்லாவற்றையும் காட்டிவிடத் துடிக்கிறார்கள். விசாவுக்குப் பட்ட பாட்டை நினைத்தால் அந்த அவசரம் நியாயமானதுதான். அவர்களின் பட்டியலில் தேம்ஸ் நதிப் படகும் பெரும்பாலும் இருக்கும். நாள் முழுவதும் ஏறி இறங்கும் பாஸை வாங்குவதா, ஒருவழிச் சீட்டு போதுமா என்ற கேள்வியும் கூடவே வரும்.

'எத்தனை தடவையும் ஏறலாம்' என்பது விளம்பரம். உண்மையில் எத்தனை தடவை ஏறுவோம் என்பதே கணக்கு. சுற்றுலாப் படகுகள் முக்கியமாக வெஸ்ட்மின்ஸ்டர், லண்டன் ஐ, டவர், கிரீனிச் ஆகிய துறைகளில் நிற்கின்றன. வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து கிரீனிச்சுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். போய்வரவே இரண்டு மணித்தியாலம் போய்விடும். லண்டன் கோபுரத்தைப் பார்க்க இரண்டு, மூன்று மணித்தியாலம் வேண்டும். கிரீனிச்சில் பூச்சிய நெடுங்கோடு செல்லும் வானாய்வகம் மேட்டின் மேல் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் போனால் ஒரு நாளில் மூன்று தடவை ஏறுவதே அதிகம்.

ஆகவே பாஸின் விலையை ஒருவழிக் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். விடை இரண்டுக்குக் குறைவாக இருந்தால், போய்வருவதற்கே பாஸ் இலாபம். மூன்றைத் தாண்டினால் வாங்க வேண்டாம். இருவழிச் சீட்டின் விலையையும் ஒப்பிடுங்கள். குளிர்காலத்தில் கடைசிப் படகு நேரத்தோடு போய்விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

செலவைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. வேலைக்குச் செல்வோர் பயன்படுத்தும் தேம்ஸ் கிளிப்பர்ஸ் படகுகளும் இதே நதியில், இதே காட்சிகளைக் கடந்துதான் ஓடுகின்றன. ஒய்ஸ்டர் அட்டையோ வங்கி அட்டையோ போதும். ஆனால் பஸ், ரயிலுக்கான நாளாந்த உச்சக் கட்டண வரம்புக்குள் இந்தப் படகுக் கட்டணம் அடங்காது. சுற்றுலாப் படகில் கிடைக்கும் விளக்கவுரை இதில் இல்லை. பிள்ளைகள் தமிழில் சொன்னால் அந்தக் குறை தீரும். போகும்போது படகிலும் திரும்பும்போது ரயிலிலும் வரலாம். ஆற்றைக் கடந்து பார்த்தாலே போதும் என்பவர்களுக்கு வூல்விச் பாதைப்படகு இருக்கிறது. 1889 முதல் அதற்குக் கட்டணம் இல்லை. அன்று ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னர் பெற்றோரிடம் கேளுங்கள். 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தபோது, குடாநாட்டு மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிரவாகப் படகில் கடந்தார்கள். பலர் அந்த நீரிலேயே கொல்லப்பட்டார்கள். அப்படிக் கடந்து வந்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளைப் பார்க்க லண்டன் வருகிறார்கள். சிலருக்குப் படகு வெறும் பொழுதுபோக்கு. சிலருக்கு என்ஜின் சத்தமே போதும், நெஞ்சு படபடக்க. பிள்ளைகள் காசு கட்டிவிட்டார்களே என்பதற்காக வாய் திறக்காமல் அமர்ந்திருப்பவர்களும் உண்டு.

ஒருவழிச் சீட்டின் பெரிய நன்மை இங்கேதான். அடுத்த துறையில் இறங்கி, "இனிக் காணும் பிள்ளை" என்று அவர்கள் சொன்னால், பஸ்ஸில் வீடு திரும்பலாம். வீணாகப் போவதற்கு எதுவும் இருக்காது.