தேம்ஸ் நடைபாலம்: பழி யார் மேல்?

லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தையும் எதிர்க்கரையின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தையும் இணைக்கும் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. ஜூன் 12 அன்று மூடப்பட்டது. கூட்டம் ஏறியதும் தளம் பக்கவாட்டில் ஆடியதே காரணம். அழகுக்கு ஆசைப்பட்டு உறுதியைக் கோட்டைவிட்டார்கள் என்ற பழி அன்றே எழுந்தது. சான்றுகளின் முன் அந்தப் பழி நிற்காது.

அரப் நிறுவனப் பொறியாளர்கள், கட்டடக் கலைஞர் நார்மன் பாஸ்டர், சிற்பி ஆன்டனி காரோ ஆகியோர் சேர்ந்து உருவாக்கிய வடிவம் இது. உயர்ந்த கோபுரங்கள் கிடையாது. 144 மீட்டர் நீளமுள்ள நடுக்கண்ணில் வடங்களின் தொய்வு 2.3 மீட்டர்தான், ஆகவே பார்வையை எதுவும் மறைப்பதில்லை. வடம் தட்டையாகும்போது இழுவிசை பல மடங்கு ஏறும். அதைக் கணக்கிட்டுத்தான் கட்டினார்கள். பாலம் ஆடியதே தவிர, இடியும் நிலைக்குப் போகவில்லை.

ஆட்டத்தின் வேர் நம் நடையில் இருக்கிறது. இடக்காலை ஊன்றும்போது ஒரு பக்கமும் வலக்காலை ஊன்றும்போது மறுபக்கமும் தளத்தைச் சற்றே தள்ளுகிறோம். தளம் லேசாக அசைந்தால், நிலை தடுமாறாதிருக்கக் காலை அகட்டி, அசைவின் தாளத்துக்கே அடி வைக்கிறோம்; அது அசைவை இன்னும் கூட்டுகிறது. கூட்டம் ஒரு வரம்பைத் தாண்டியதும் ஆட்டம் திடீரெனப் பெருகுவதை அரப் நடத்திய சோதனைகள் காட்டின. பக்கவாட்டு அதிர்வெண் குறைந்த எந்தப் பாலத்துக்கும் இது நேரலாம். கனரக வாகனங்கள் ஓடும் ஆக்லாந்து துறைமுகப் பாலமே 1975இல் ஒரு பேரணியின்போது இப்படி ஆடியது. அதன் வடிவத்தில் மெலிவும் இல்லை, புதுமோகமும் இல்லை.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993இலேயே இதை எழுதினார்களே, வடிவமைத்தவர்கள் படித்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; அவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிவு ஆய்விதழோடு நின்றது. பொறியாளர்கள் அன்றாடம் புரட்டும் விதிநூல்களில் ஏறவில்லை. அந்த இடைவெளிதான் முதற்குற்றம்.

37 திரவ அதிர்வடக்கிகள் உள்ளிட்ட திருத்தங்களோடு பாலம் 2002 பிப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது, வடிவம் மாறவில்லை. செலவு சுமார் 50 லட்சம் பவுண்டு. அதைவிடப் பெரிய ஈடு, சோதனை முடிவுகளை அரப் ஒளிக்காமல் வெளியிட்டது. நடைபாலம் வடிவமைப்பவர்கள் பக்கவாட்டு அசைவைக் கணக்கில் எடுப்பது அதன்பின் வழக்கமானது. துணிந்து கட்டுபவரைத் தண்டித்தால் நகரங்களுக்கு மிஞ்சுவது பழைய அச்சு வார்ப்புகளே. பிழை நேர்ந்தால் காரணத்தை ஊரறியச் சொல் என்பதே நாம் விதிக்க வேண்டிய நிபந்தனை.